பறிகொடுத்த அக்கா

நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அக்கா காதோரம் இரண்டு முடிக்கற்றைகளை இழுத்துவிட்டுக்கொள்வார். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிடுவார். கையிலிருக்கும் குடையை நாற்காலியின் முதுகில் மாட்டுவார். பிறகு பையிலிருந்து சலவை மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து, நன்றாகக் கசக்கி, கசக்கியது போதவில்லை என்று இன்னொரு தடவையும் கசக்கி மடியில் வைத்துக்கொள்வார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

"ஆங், வீட்ல திருடு போயிருச்சு. முதல் ஆளைக் கூப்பிடுங்க."

வாரத்தில் இரண்டு நாள் அக்காவின் வீட்டில் திருடு போகிறது. திருடனை இதுவரை யாரும் பிடித்ததில்லை, ஏனென்றால் அப்படி ஒருவன் கிடையாது. தொழிற்பயிற்சி நிலையத்தின் மாடியில், குழாய் வேலை கற்றுக்கொள்பவர்களின் இரும்புச் சத்தத்தைத் தாண்டி, கடைசியில் இருக்கிறது அந்த வகுப்பறை. குற்றவியலும் குற்றத் தடுப்பும் அங்கே பாடம். அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் காவலாளியாகப் போகிறவர்கள், பெரிய கடைகளில் வாடிக்கையாளர் போல உலவிக்கொண்டே கைநீளக்காரர்களைக் கவனிக்கப் போகிறவர்கள், விடுதி வாசலில் நிற்கப் போகிறவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் படிக்கிறார்கள். ஒரு சுவர் முழுக்கப் பூட்டுகள். அறையின் நடுவில் ஒரு கதவு, நிலையோடு தனியாக நிற்கிறது. எந்த வீட்டுக்கும் போகாத அந்தக் கதவை மாணவர்கள் நாள் முழுக்கப் பூட்டித் திறந்துகொண்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போக வழியிருந்தும் அதைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இந்த இடத்தில் அக்காவின் வேலை, களவு கொடுத்தவராக உட்கார்ந்திருப்பது. மாணவர்கள் ஒவ்வொருவராக எதிரில் வந்து உட்கார்ந்து விசாரித்து, வாக்குமூலம் எழுதிப் பழக வேண்டும். அதனால் அவருக்குப் 'பறிகொடுத்த அக்கா' என்று பெயர் வந்தது. கூப்பிடும்போது மட்டும் முன்பாதியை விழுங்கிவிட்டு அக்கா என்பார்கள்.

இதற்கென்று அவர் எங்கேயும் நடிப்புப் படிக்கவில்லை. அவர் தையல்காரர். பயிற்சி நிலையத்துக்கு எதிர்த் தெருவில், ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற அளவில் ஒரு கடை. புதுத் துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிடித்த இடுப்பை அடுத்த வருஷம் விட்டுக்கொடுப்பது, ஜிப் மாற்றுவது, இவைதான். காவலாளிச் சீருடைக்கு அளவெடுக்க ஒருநாள் மாடிக்கு வந்தார். அன்றைக்குப் பறிகொடுத்தவராக நடிக்க வேண்டிய பெண் வரவில்லை. வகுப்பெடுக்கும் மேடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், இவரைப் பார்த்ததும், "அக்கா, கொஞ்ச நேரம் திருட்டுக் குடுத்த மாதிரி உக்காந்திருங்களேன்" என்றார். அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே உட்கார்ந்தார். அந்த நாற்காலியிலிருந்து அவரை அதற்கப்புறம் யாரும் எழுப்பவில்லை.

மேடம் எழுதிக்கொடுத்த கதை சின்னது. கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் கதவு திறந்து கிடக்கிறது. கைக்கடிகாரம், கேமரா, ஒரு மோதிரம் காணவில்லை. குளியலறை ஜன்னலின் கொக்கி பல நாளாக உடைந்து கிடந்தது. சரிசெய்யாமல் விட்டதில் வெட்கம், அதனால் தானாகச் சொல்ல மாட்டார். மாணவர் பேச்சுக் கொடுத்து அந்த ஜன்னல்வரைக்கும் வந்துசேர வேண்டும். அதுதான் பரீட்சை.

"கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னா சொல்ல மாட்டேன்" என்பது அக்காவின் சட்டம். இதில் அவர் ஒரு நூலளவுகூட இறங்கி வந்ததில்லை. அதட்டிக் கேட்கிறவர்களுக்கு அவரிடமிருந்து ஒன்றும் பெயராது. மேசையைத் தட்டி, "உண்மையச் சொல்லுங்க" என்ற ஒருவனிடம், "தம்பி, பறிகொடுத்தது நானு. நீ என்னையே திருடி மாதிரி கேட்டா, அடுத்த தடவை திருடு போனா உன் பக்கமே வர மாட்டேன்" என்றார். இன்னொரு பெண், அக்கா அழுததைப் பார்த்துத் தானும் அழ ஆரம்பித்துவிட்டாள். அக்கா தன் கைக்குட்டையை அவளிடம் நீட்டி, "முதல்ல கண்ணைத் துடைச்சுக்கம்மா. துடைச்சிட்டு என்ன கேக்கணுமோ அதைக் கேளு. டீ ஆறிப்போகுது" என்றார்.

அழுதுகொண்டிருக்கும்போதே கண் மட்டும் எதிராளியின் உடுப்பில் இருக்கும். சட்டைக் கையில் நூல் தொங்கினால் விம்மலுக்கு நடுவே கை நீட்டிப் பிய்த்துவிடுவார். "மடிப்பு பிரிஞ்சிருக்கு. வகுப்பு முடிஞ்சதும் கடைக்கு வா" என்று முணுமுணுப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து அழுவார்.

ஊரார் துணியில் ஒரு தையல் பிசகினால் தாங்காத இந்த மனுஷியின் குடையைத்தான் பார்க்க வேண்டும். கறுப்புக் குடை, ஆண்கள் பிடிக்கிற அளவு, கைப்பிடி தேய்ந்து பளபளப்பாக இருக்கும். வெயிலானாலும் மழையானாலும் கையில் அது உண்டு. துணியைச் சுற்றிக் கட்டுகிற வாரில் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான், பச்சை நூலில், தாறுமாறாகத் தைக்கப்பட்டிருக்கும். ஊசியை முதன்முதலாகக் கையில் பிடித்தவர்கள் போடுகிற தையல். அடியில் முடிச்சுக்கு மேல் முடிச்சாக ஒரு உருண்டை. அந்தப் பொத்தானை அக்கா மாட்டவும் மாட்டார். நூல் இழுபடும் என்று குடையை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டி வைத்திருப்பார். "என்னக்கா, உங்க குடைக்கு மட்டும் இப்படியா தைப்பீங்க?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது கேட்டுவிடுவார்கள். "அது கெடக்கட்டும் விடு" என்பார். அதற்கு மேல் பேச்சு ஓடாது.

இன்னொன்றும் உண்டு. மழை நாளில் அத்தனை பெரிய குடையோடு வந்தும் அக்காவின் இடது தோள் நனைந்திருக்கும். வலது தோளில் ஒரு சொட்டு இருக்காது. கேட்டால், "காத்து அப்படி அடிக்குது" என்பார். காற்று ஏன் எல்லா நாளும் ஒரே பக்கமாக அடிக்கிறது என்று யாரும் மேற்கொண்டு விசாரித்ததில்லை. விசாரணை படிக்கிற பிள்ளைகள்தான், ஆனாலும் பாடத்தில் இல்லாததை யார் கேட்கிறார்கள்?

அக்காவுக்கு ஒரு தங்கை இருந்தாள். இருக்கிறாள் என்றுதான் அக்கா சொல்வார். தாய் தகப்பன் போனபிறகு இரண்டு பேரும் சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார்கள். அக்கா தைத்தார், தங்கை ஒரு மருந்துக் கடையில் பில் போட்டாள். வாயாடி. எதைச் செய்தாலும் உடனே அதைக் காட்ட வேண்டும் அவளுக்கு. சோறு குழையாமல் வந்தால் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு வந்து மூக்குக்கு நேராக நீட்டி, "பாருக்கா, பாருக்கா" என்பாள். அக்கா பார்த்துவிட்டேன் என்று சொல்லும்வரை போக மாட்டாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் அவளுக்கு வராது. தையல்காரியின் தங்கை இப்படி இருக்கிறாளே என்று வீட்டில் அது நிரந்தரமான கேலி.

அந்த வருஷத்து மழைக் காலத்தில் தங்கையின் பூப்போட்ட குடையில் ஒரு கம்பி வளைந்துபோனது. ரிப்பேருக்குக் கொடு, கொடு என்று அக்கா நச்சரித்துக்கொண்டே இருந்தார். "உன் குடைதான் பெருசா இருக்கே, ரெண்டு பேருக்கும் போதும்" என்று அவள் நாளைக் கடத்தினாள். அந்த மழை முழுக்க ஒரே குடைதான். பிடிப்பவர் அக்கா, வலப்பக்கம் தங்கை. குடை அவள் பக்கம் சாயும், அக்காவின் இடது தோள் நனையும்.

பிறகு ஒருநாள் காலை, வானம் வெளுத்திருந்தது. அக்கா குடை எடுக்காமல் கடைக்குப் போனார். சாயங்காலம் வந்தபோது தங்கை இல்லை. இரவும் வரவில்லை. பூப்போட்ட குடையையும் காணோம்.

புகார் கொடுக்கப் போன இடத்தில், "வீட்ல என்னென்ன காணோம்?" என்று கேட்டார்கள். நகை இல்லை, பணம் இல்லை. துணியில் எது குறைந்தது என்று சொல்லத் தெரியவில்லை; அவள் துணியை இவர் போடுவார், இவர் துணியை அவள் போடுவாள். "ஒரு குடை" என்றார் அக்கா. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். "வயசு வந்த பொண்ணு. யாரும் இழுத்துட்டுப் போகலை. தானா போனா நாங்க என்னம்மா பண்றது?" அதோடு முடிந்தது.

ஆனால் அக்காவுக்கு அங்கே முடியவில்லை. ஒரேயடியாகப் போகிறவள் உடைந்த குடையையா எடுத்துக்கொண்டு போவாள்? முந்தின நாள் ராத்திரிகூட, "நாளைக்குக் கண்டிப்பா குடுத்துடுறேன்க்கா" என்றாளே. அப்படியென்றால் குடையைச் சரிசெய்யத்தான் போயிருக்கிறாள். சரிசெய்யப் போனவள் திரும்பி வருவதாகத்தான் போயிருக்கிறாள். வழியில் என்னவோ ஆகியிருக்கிறது; ஆனது என்னவாக இருந்தாலும் அவள் மனசு வீட்டுப் பக்கம்தான் இருந்தது. இந்த ஒரு நினைப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அக்கா இத்தனை காலம் நடமாடிக்கொண்டிருக்கிறார். குடை ரிப்பேர்காரரை எத்தனையோ தடவை போய்க் கேட்டுவிட்டார். "தினம் எத்தனை குடை வருது, எந்த முகத்தைம்மா நான் ஞாபகம் வச்சிருப்பேன்?" என்று அவர் பாவம் கடைசிவரை ஒரே பதிலைச் சொன்னார். முட்டி வலியோடு மாடி ஏறுகிறாரே என்று சலவைக்கடைக்காரர் கீழே பின்னறையைக் கொடுக்க முன்வந்தார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அவ நேரா மேல போய்க் கதவைத் தட்டுவா. வேற யாராவது திறந்தா என்ன நினைப்பா?" என்றார்.

வகுப்பில் அந்தக் குடை வந்து சேர்ந்தது அக்காவே எதிர்பாராத ஒன்று. ஆரம்ப நாளில் ஒரு மாணவன், "வேற ஏதாவது காணோமா?" என்று கேட்டுவைத்தான். மேடம் எழுதிய கதையில் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அக்காவின் வாய், "ஒரு குடை" என்றது. மேடம் நிமிர்ந்து பார்த்தார். பறிகொடுத்தவர்கள் இப்படிச் சம்பந்தமில்லாமல் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து கடிகாரம், கேமரா, மோதிரத்துக்குப் பின்னால் குடையும் திருடு போகிறது. கேட்டவர்களுக்குத்தான். ஒருவன், "குடைதானே, விடுங்கக்கா, வேற வாங்கிக்கலாம்" என்றான். ஒருத்தி விலை கேட்டாள். ஒருவன் மிகுந்த பொறுப்போடு 'பழைய குடை ஒன்று' என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனான். ஒவ்வொரு தடவையும் அக்கா கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்வார். அடுத்த கேள்வி கடிகாரத்தைப் பற்றியோ கதவைப் பற்றியோ வரும். மறுபடி பின்னால் சாய்ந்துகொள்வார். அந்தச் சின்ன அசைவைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அங்கே யார் பார்த்தார்கள்?

இந்த வருஷத்து மாணவர்களில் லாரி அண்ணன் என்று ஒருவர் உண்டு. காலமெல்லாம் லாரி ஓட்டியவர். இடுப்பு விட்டுப்போனதால் காவல் வேலைக்குப் படிக்க வந்திருக்கிறார். அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணன் என்பார். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டதில்லை. ஸ்டீயரிங் பிடித்த கைக்குப் பேனா அடங்காது. ஒரு வார்த்தையை எழுதி முடிப்பதற்குள் அடுத்த மாணவர் கொட்டாவி விட்டுவிடுவார். "கொஞ்சம் இருங்க, எழுதிக்கிறேன்" என்பதுதான் அவர் வாயில் அதிகம் வருகிற வாக்கியம்.

அன்றைக்கு அவர் முறை. வெளியே தூறல். மற்றவர்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னென்னக்கா காணோம்?"

"கைக்கடிகாரம். ஒரு கேமரா. ஒரு மோதிரம்."

"கொஞ்சம் இருங்க, எழுதிக்கிறேன்." எழுதினார். "வேற?"

"ஒரு குடை."

அதையும் எழுதினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். லாரி அண்ணன் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். கடிகாரம், கேமரா, மோதிரம் வரிசையில் இது ஒட்டாமல் நின்றது போலிருக்கிறது.

"குடை யாருதுக்கா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி வந்ததே இல்லை. அக்கா மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலோரம் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை பழைய பாதையில் போயிருக்கும். ஆனால் கேட்டால் சொல்வது அக்காவின் சட்டம்.

"என் தங்கச்சியோடது."

"உங்ககூடத்தான் இருக்காங்களா?"

"இருந்தா."

லாரி அண்ணன் அதை எழுதினார். அவர் எழுதுகிற நேரம் நீண்டது. அந்த நேரத்தை நிரப்ப வேறு ஒன்றும் இல்லாததால் அக்கா பேசினார்.

"பூப்போட்ட குடை. ஒரு கம்பி வளைஞ்சிருந்துச்சு. ரிப்பேருக்குக் குடுக்கப் போனா. அப்படியே காணோம்."

மேடம் மணி பார்ப்பதை விட்டுத் திரும்பினார். பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லாரி அண்ணன் மட்டும் இன்னும் பரீட்சையில் இருந்தார். போன வாரம் நடந்த பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள நெற்றியைத் தேய்த்தார். மேடம் வருஷா வருஷம் சொல்கிற பாடம் அது: காணாமல் போனதை மட்டும் கேட்டால் பொருளின் கணக்குத்தான் கிடைக்கும்; வந்தவன் எதை விட்டுப் போனான், எங்கே வைத்துவிட்டுப் போனான் என்று கேட்டால்தான் ஆள் தெரியும். அக்கா இதே நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கான பாடம் என்று கேட்டிருக்கிறார்.

"வீட்ல வேற குடை இருந்துச்சாக்கா?"

"இதோ, இதுதான்." அக்கா திரும்பாமலே பின்னால் கை காட்டினார்.

"இது எங்க இருந்துச்சு?"

"கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டியிருக்கும்."

"அன்னைக்கும் ஆணியிலதான் இருந்துச்சா?"

"இல்லை. என் தையல் மெஷின் மேல கிடந்துச்சு. அவ எதையும் எடுத்த இடத்துல வைக்க மாட்டாண்ணே. நான்தான் தூக்கி ஆணியில மாட்டினேன், அவ எங்கேன்னு தேடுற அவசரத்துல."

"கொஞ்சம் இருங்க, எழுதிக்கிறேன்."

அவர் எழுதினார். 'மெஷின்' என்ற வார்த்தையில் பேனா நின்று, தயங்கி, மறுபடி நகர்ந்தது. அக்காவின் கை தானாகப் பின்னால் போய்க் குடையின் வாரைத் தேடியது. பொத்தானின் அடியில் இருக்கும் அந்த உருண்டையை விரல் தடவியது. விரல் அப்படியே நின்றது.

"அண்ணே."

"சொல்லுங்கக்கா."

"இந்தப் பொத்தான் அன்னைக்குக் காலையில இல்லை. அறுந்து போயிருந்துச்சு. நான் பார்த்துட்டுத்தான் போனேன். சாயங்காலம் வந்து தைக்கணும்னு நினைச்சேன்."

"அப்ப தைச்சது யாரு?"

"அவதான். வேற யாரு இப்படித் தைப்பா? தைச்சிருக்கான்னே நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் பார்த்தேன். என்னைக்குத் தைச்சான்னு யோசிக்கவே இல்லை."

லாரி அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவருக்கும் இது கதையில்லை என்று உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தைச்சு எதுக்குக்கா மெஷின் மேல வச்சாங்க?"

அக்கா நடுவில் நிற்கிற அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பார்க்கணும்னு" என்றார். பார்வையைக் கதவிலிருந்து எடுக்காமலே, "சாயங்காலம் வர்றதா இருந்தா வச்சிட்டுப் போயிருக்க மாட்டா. கையில எடுத்துட்டு வந்து பாருக்கா, பாருக்கான்னு உசுரை வாங்கியிருப்பா. அவளால காட்டாம இருக்க முடியாதுண்ணே. காட்டாம போயிருக்கா."

பிறகு அழுதார். இத்தனை வருஷமாக வாரம் தவறாமல் அழுதவருக்கு அந்த அழுகை பழக்கமில்லாதது போல இருந்தது. கசக்கிய கைக்குட்டை மடியிலேயே கிடந்தது. கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். பரீட்சை அழுகைக்கு நடுவே நூல் பிய்க்கிற கை, எதிரில் தொங்கிக்கொண்டிருந்த லாரி அண்ணனின் சட்டை நூலைக் கவனிக்கவே இல்லை.

மேடம் எல்லாரையும் டீ குடிக்க அனுப்பினார். லாரி அண்ணன் போகவில்லை. எழுதிய வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. விதிப்படி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினார். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணே, ஜன்னலைப் பத்திக் கேக்கவே இல்லையே நீங்க" என்றார்.

"அட ஆமா! என்ன ஜன்னல்?"

"போச்சு போங்க. உங்களுக்கு மார்க்கு கிடையாது."

அப்படியேதான் ஆனது. மேடம் அடுத்த வாரம் மறுபடி எடுக்கச் சொன்னார். "அடுத்த வாரம் அக்கா எனக்குப் பார்த்துச் சொல்லிருவாங்க" என்றார் லாரி அண்ணன். "கேட்டாத்தான்" என்றார் அக்கா.

படியிறங்கும்போது மேடம் கூடவே வந்தார். அக்காவின் முட்டியைப் பார்த்து, "இனிமேலாவது சலவைக்கடைக்காரர் சொல்ற அந்தக் கீழ் ரூமுக்குப் போயிடலாமே அக்கா" என்றார்.

"போகலாம்தான். பார்க்கலாம்" என்றார் அக்கா. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். திரும்பி வருவதாகப் போனாள் என்ற நினைப்பு அன்றோடு போய்விட்டது. இருபக்கமும் பிடிமானம் இல்லாமல் நடப்பது எப்படியோ அப்படி இருந்தது அவருக்கு. ஆனால் வழியில் என்னவோ ஆகிவிட்டது என்று ஒவ்வொரு ராத்திரியும் தூங்கவிடாத பயமும் அதோடு சேர்ந்து கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. எங்கேயோ ஒரு ஊரில் அவள் இருக்கிறாள். நல்ல குடையை அக்காவுக்கு வைத்துவிட்டு, மழைக் காலத்தில் உடைந்ததை எடுத்துக்கொண்டு போனவள். ஏன் போனாள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கு அவள் வந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசிப் படியில் அக்கா நின்றார்.

"மேடம், அந்தக் கம்பியை யாராவது நிமித்திக் குடுத்திருப்பாங்களா?"

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "குடுத்திருப்பாங்க அக்கா."

வெளியே தூறல் மழையாகியிருந்தது. அக்கா ரப்பர் வளையத்தைக் கழற்றி மணிக்கட்டில் போட்டுக்கொண்டு குடையை விரித்தார். வாசலில் நிற்கிற காவலாளி இதே மாடியில் படித்தவன். ஜன்னலைக் கண்டுபிடித்துத் தேறியவன். "அக்கா, தோள் நனையுது பாருங்க, குடையை நேராப் பிடிங்க" என்று குரல் கொடுத்தான். அக்கா அண்ணாந்து பார்த்தார். குடை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு நேராக்கினார்.

தெரு திரும்புகிற இடம்வரை அது நேராகவே போனது. அங்கே அக்கா நின்றார். வலப்பக்கத்தில், பக்கத்தில் ஒரு ஆள் நடந்து வருகிற அளவுக்கு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தெரிந்தே, மெதுவாக, குடையை அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.